றீற்றாவின் அரை வாக்கு
வாக்குச்சீட்டு விண்ணப்பத்தில் ஒரு கேள்வி மட்டும் இரண்டு நாளாக நிரப்பப்படாமல் கிடந்தது. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகும் எண்ணம் உண்டா, அல்லது நிச்சயமில்லையா?

றீற்றாவுக்கு நாற்பத்துநான்கு வயது. ஏழு வயதில் பெற்றோருடன் இலங்கையிலிருந்து அகதியாக பேர்லினுக்கு வந்து, அங்கே நொய்கெல்ன் பகுதியில் படித்து, ஜெர்மன் குடியுரிமையும் பெற்றவள். கலியாணம் அவளை மின்னசோட்டா மாநிலத்துக்குக் கொண்டுபோனது. அங்கே அமெரிக்கக் குடியுரிமை எடுத்தபோது, அன்றைய சட்டப்படி ஜெர்மன் குடியுரிமை கைவிட்டுப் போனது. மணமுறிவுக்குப் பிறகு மகள் கவிசாவோடு பேர்லினுக்கே வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வாழ்கிற ஊரில் அவளுக்கு வாக்கில்லை. விட்டுவந்த ஊரில்தான் உண்டு.

அதுவும் முழுதாக அல்ல. திரும்புவேன் என்று சொன்னால் ஜனாதிபதி முதல் மாநில சட்டசபை, மாவட்ட நீதிபதி வரை எல்லாப் பெயர்களும் உள்ள சீட்டு வரும். நிச்சயமில்லை என்றால் ஜனாதிபதி, செனட், காங்கிரஸ் மட்டும். றீற்றாவுக்கு வேண்டியதோ சீட்டின் அடியில் இருந்த ஒரேயொரு பெயர்: நீதிபதி லிண்ட்கிறென்.

"திரும்புவன் எண்டு புள்ளடி போடுங்கோ அக்கா. ஆர் வந்து பாக்கப் போகினம்?" என்றாள் தங்கை கிறிஸ்ரினா.

"ஏலாது. அந்த நீதிபதி அம்மாவுக்கு முன்னாலதானே நான் சத்தியம் பண்ணினனான்."

ஐந்து வருடங்களுக்கு முன்பு, பிள்ளையை நாட்டை விட்டுக் கொண்டுபோக விடக்கூடாது என்று கணவன் வழக்குப் போட்டிருந்தான். அவனுடைய வழக்கறிஞர் றீற்றாவை வாய் திறக்க விடவில்லை. லிண்ட்கிறென்தான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். "றீற்றா பேசி முடிக்கட்டும்." பிறகு றீற்றாவிடம் நேரே கேட்டார்: "பேர்லினில் நிலையாக இருப்பீர்களா, இல்லை அலைவீர்களா?" அங்கேயே இருப்பேன், இனித் திரும்பமாட்டேன் என்று சத்தியத்தின் பேரில் சொன்னாள் றீற்றா. அதை நம்பித்தான் தீர்ப்பு வந்தது. கோடை விடுமுறையில் தகப்பனிடம், மற்றக் காலமெல்லாம் தாயோடு.

றீற்றா 'நிச்சயமில்லை' என்பதில் புள்ளடி போட்டாள். அரைச்சீட்டு வந்தது. நிரப்பி அனுப்பினாள்.

தேர்தல் முடிந்த மறுநாள் மதியம், வேலையால் வந்த கையோடு முடிவுகளைத் திறந்தாள். ஜனாதிபதி, செனட், காங்கிரஸ், மாநில சட்டசபை. விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பகுதிக்குப் போனாள். லிண்ட்கிறென் இருநூற்றுப் பன்னிரண்டு வாக்குகளால் தோற்றிருந்தார்.

தன் ஒரு வாக்கால் எதுவும் மாறியிருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் தேத்தண்ணி ஆறிப்போகும் வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளியால் வந்த கவிசா எட்டிப் பார்த்தாள். "அம்மா, அங்க நீதிபதியையும் சனம் வோட்டுப் போட்டே எடுக்குது?"

"ஓம்."

"அப்ப தீர்ப்புச் சொல்லேக்க அவைக்குப் பயமா இருக்காதே?"

றீற்றா யோசித்தாள். கணவனின் குடும்பம் அந்தச் சிறு நகரில் நாலு பேருக்குத் தெரிந்த குடும்பம். அவளுக்கோ அங்கே யாருமில்லை, இனி அங்கே நீதிபதிக்கு வாக்குப் போடவும் போவதில்லை. அது தெரிந்திருந்தும் அந்த அம்மா அப்படித் தீர்ப்புச் சொன்னார்.

"இருந்திருக்கும் பிள்ளை," என்றாள். "அது எனக்கு இப்பதான் விளங்குது."

அன்று பின்னேரமே நீதிமன்ற முகவரிக்கு ஒரு கடிதம் எழுதினாள். மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள், நாங்கள் சொன்னபடி பேர்லினில்தான் இருக்கிறோம், உங்களுக்கு வாக்குப் போட முடியாமல் போனதற்கு வருந்துகிறேன் என்று. பதில் வரவில்லை.

அந்த வருடம்தான் ஜெர்மனியில் சட்டம் மாறி, இரண்டு குடியுரிமையும் வைத்திருக்கலாம் என்றாகியிருந்தது. அடுத்த கிழமை றீற்றா ஜெர்மன் குடியுரிமை விண்ணப்பமான அன்ராக்கை நிரப்பத் தொடங்கினாள். இந்த முறை எந்தக் கேள்வியிலும் அவள் தயங்கவில்லை.