மாதாவின் மேசைக்குக் கீழே கேட்ட முனகல்

இதை எழுதுவதா, விடுவதா என்று பல வருசமாக யோசித்தேன். பேனாவை எடுப்பேன்... வைத்துவிடுவேன். கிழமைக்குக் கிழமை கோயில் திருவிழா, மீன் விலை, என் வீட்டுக்காரரின் குறட்டை என்று எதையாவது பேப்பரில் எழுதி உங்களோடு கதைக்கிறவள், இந்த ஒன்றை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தேன்.

போன கிழமை பல் கிளினிக்கில் நடந்தது என் வாயைத் திறக்க வைத்துவிட்டது.

எனக்குக் கடைவாய்ப் பல் வலி. வரிசையாகப் போட்ட வாங்கொன்றில் உட்கார்ந்து காத்திருந்தேன். பக்கத்தில் எங்கள் ஊர் ஜெசிந்தாவின் மகள் செரின், பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையோடு. முன் வாங்கில் முன்பின் தெரியாத ஒரு தாய். அவளுடைய சின்ன மகன் வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தான்.

"திறக்காட்டி என்ன நடக்கும் தெரியுமா மனே? தன்னாமுனைப் பக்கம் ஒரு புள்ள இப்பிடித்தான். தாய்க்காரி கவனிக்காம விட்டு, பல்லு அழுகி, மாதாட மேசைக்குக் கீழ செத்துக் கிடந்திச்சாம். இப்பயும் ஜெபம் சொல்லக்குள்ள அது முனகிறது கேக்குமாம்."

தன்னாமுனைப் பக்கம்தான் எங்கள் ஊர். செரின் முன்னுக்குச் சாய்ந்தாள்.

"அந்தப் புள்ளைட பேர் என்ன அன்ரி?"

"செரினோ என்னமோ சொன்னாங்க. ஏன் கேக்கிறீங்க?"

"சும்மாதான்."

தன்னுடைய சாவைத் தானே பக்கத்து வாங்கில் இருந்து கேட்ட ஒருத்தியை நீங்கள் கண்டதுண்டா? நான் கண்டேன்.

உண்மையில் நடந்தது இதுதான்.

செரினுக்கு அப்போது மூன்று வயது நடந்துகொண்டிருந்தது. ஜெபமாலை மாதம். எங்கள் ஊரில் அந்த மாதம் மாதாவின் சிலை, எங்கள் சொல்லில் சுரூபம், பின்னேரங்களில் வீடு வீடாகப் போகும். வெள்ளைத் துணி விரித்த மேசை, மெழுகுதிரி, ஜெபமாலை, பாட்டு... கடைசியில் பிள்ளைகளுக்கு இனிப்பு டொபி.

றோட்டுப் பக்கத்து வீடுகளில் பிள்ளைகள் தொண்டை கிழியப் பாடுவார்கள். ஆனால் மாதா ஆற்றங்கரையின் ஒடுங்கின ஒழுங்கைக்குள் இறங்கினால் - வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது - பாட்டில் பிள்ளைக்குரலே இருக்காது. அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் கைகூப்பிக்கொண்டு முன்வரிசையில் இருப்பார்கள். உதடுகள் இறுக்கி மூடியிருக்கும். ஒரு சிரிப்புக்கூட இல்லை. மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்த மூடின வாய்களைப் பார்க்க எனக்கு உடம்பு கூசும். வெட்கமாக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்றைக்கு ஜெசிந்தா வீட்டு முறை. இருட்டுப் படுகிற நேரம். பாட்டு முடிந்தது.

முடியவில்லை.

"ம்ம்ம்..." என்று ஒரு சத்தம். பாட்டு எந்த இடத்தில் நின்றதோ, அதே சுருதியில், விடாமல்.

"ஆத்துக்குள்ள மீன் பாடுது," என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் வாவியில் மீன் பாடும் என்பது ஊரறிந்த கதை. நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிப்பு நின்றது. சத்தம் நிற்கவில்லை.

அது சுரூபத்துக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது. ஒருவரும் அசையவில்லை. மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு முழங்காலிலேயே நகர்ந்து போய் மேசைத் துணியைத் தூக்கினேன்.

செரின். சுருண்டு கிடந்தாள். ஒரு கன்னம் வீங்கி அந்தப் பக்கத்துக் கண்ணையே மூடியிருந்தது. மூடின வாய்க்குள்ளால்தான் அந்த முனகல். கையில் பால்போத்தல். தொட்டுப் பார்த்தேன், நெருப்பு.

"ஆரோ கண் வெச்ச கண்ணூறு கா இது," என்றாள் ஒருத்தி. "இல்ல, பொழுதுபடக்குள்ள ஆத்தங்கரைல விளையாடினது, பேய் பட்டிருக்கு. மந்திரிச்சு நூல் கட்டுங்க," என்றாள் இன்னொருத்தி.

ஜெசிந்தா கார்மென்றில் தைக்கிற வேலைக்குப் போகிறவள். விடியமுதல் பஸ் வந்துவிடும். "காலைல பக்கத்து வீட்ட விடக்குள்ள லேசாத்தான் கா வீங்கியிருந்திச்சு... வந்து பாத்தன், காணயில்ல. மத்தப் புள்ளைகளோட நிக்கிறாள் எண்டு நினைச்சன்..."

"நூலை மறுகா கட்டுவம். முதல்ல ஓட்டோல ஏத்துங்க," என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய தொழிலே ஓட்டோதான்.

வழி முழுக்க அந்த முனகல். நடுவழியில் அது நின்றது. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் வாயைத் திறந்து பார்த்தார். முன்பற்கள் இருந்த இடத்தில் கறுப்பு முளைகள். "பல்லில இருந்து கிருமி கழுத்துக்கு இறங்குது. இன்னும் பிந்தியிருந்தா மூச்சை அடைச்சிருக்கும். போத்தல்ல என்னம்மா குடுக்கிறீங்க?"

"தண்ணி, டொக்டர்."

"தண்ணி மட்டுமா?"

ஜெசிந்தா குனிந்துகொண்டாள். "எங்கட கிணத்துத் தண்ணி உப்பு. வாயில வெச்சாத் துப்பிருவாள். சீனி போட்டாத்தான் குடிப்பாள். நித்திரைக்கும் அதைத்தான் குடுக்கிறன்."

இவ்வளவுதான், வாசகர்களே. கண்ணூறும் இல்லை, ஆற்றங்கரைப் பேயும் இல்லை.

றோட்டுப் பக்கம் எங்களுக்குக் குழாய்த் தண்ணி. ஒழுங்கைக்குள் அப்போது குழாய் வரவில்லை. என் பேரனும் செரின் வயதுதான். அதே டொபியைத் தின்றான். வாயில் வைத்தபடியே நித்திரையும் கொண்டான். அவனுடைய பல் தேங்காய்ச்சொட்டு மாதிரி. நாங்கள் கூடுதலாக ஜெபிக்கிறவர்கள் என்பதாலா? ஜெசிந்தாவும் எங்களோடு முழங்காலில்தானே இருந்தாள். பேரனைக் காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போக நான் இருந்தேன். அவள் காலையில் மெசினுக்கு முன்னால் இருந்தாள். ஆண்டவர் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரிப் பல்லைத்தான் கொடுத்தார். தண்ணிதான் றோட்டு எது, ஒழுங்கை எது என்று பார்த்து வந்தது.

அந்த மூடின வாய்கள்? வெட்கமில்லை. எல்லாருக்கும் சூத்தைப் பல், காற்றுப் பட்டால் வலிக்கும். அதனால்தான் அந்தப் பிள்ளைகள் மாதாவுக்குப் பாடவில்லை.

செரின் பிழைத்தாள், ஆண்டவருக்குத் தோத்திரம். அன்றைக்கு ஜெசிந்தா என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "அக்கா, பேப்பர்ல எழுதிப்போடாதீங்க. புள்ளைக்குச் சீனி குடுத்த தாய் எண்டுதான் ஊர் சொல்லும்."

நான் எழுதவில்லை. அதற்காக ஊர் சும்மா இருந்ததா?

கிளினிக்கில் கேட்டதைப் போய் ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"என்ட புள்ளையச் சாகடிச்சும் போட்டாங்களா... எழுதுங்க அக்கா. சீனியை எழுதுங்க. கிணத்தையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இன்றைக்கும் மேசைத் துணியைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஜெபம் தொடங்குவதில்லை. சில ஒழுங்கைகளில் பிள்ளைகள் இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அங்கே பாட்டு முடிந்த பிறகும் எனக்கு ஏதோ கேட்கிறது.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள் - கூட்டாமல், குறைக்காமல். கிணற்றை விட்டுவிட்டுச் சீனியை மட்டும் சொல்ல வேண்டாம். பிள்ளையைச் சாகடிக்கவும் வேண்டாம்.

சொல்லுமுன் பக்கத்து வாங்கை ஒருதரம் பாருங்கள். செரின் கேட்டுக்கொண்டிருக்கக்கூடும்.