சீனரியில் ஒரு நீலம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம், ஊர் மலையைச் சீனரியாக வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள். தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலிருந்து நான் வீடு திரும்பியபோது படம் முடிந்திருந்தது. தேயிலைச் சரிவு, வளைந்து ஏறும் ரோடு, அதற்குக் கீழே எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் மேலிருந்து கீழ்வரை தடித்த நீலம்.

"அருவி நல்லா வந்திருக்குடி," என்றேன்.

"அருவியா? அது தார்ப்பாயும்மா."

சுற்றுலா ஜீப் ஓட்டும் என் கணவர் எட்டிப் பார்த்தார். "அருவின்னே சொல்லு பாப்பா. ரெண்டு வண்டி நின்னு போட்டோ எடுத்துட்டுப் போகும்."

அவள் சிரித்தாள். என்னால் முடியவில்லை. போன மழைக்கு அந்த இடத்தில் உருள் பொட்டியது. மலை சரிந்து இறங்கிய மண் எங்கள் அடுப்படிச் சுவரில் முட்டி நின்றது. சுவருக்கு இந்தப் பக்கம் அவள் தோசை தின்றுகொண்டிருந்தாள். இப்போதும் கனமான லாரி போனால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். சரிந்த மண்ணில் தண்ணீர் இறங்காமலிருக்க விரித்ததுதான் தார்ப்பாய். போடியிலிருந்து மாட்டுப்பட்டி அணை பார்க்க வரும் கார்களுக்காக ரோட்டை அகலமாக்க மலையை வெட்டியதில்தான் அது சரிந்தது. சவாரி கூடும் என்று நாங்களும்தான் சந்தோஷப்பட்டோம்.

அவள் வயதில் நானும் இதே சரிவை வரைந்திருக்கிறேன். முழுக்கப் பச்சை. 'இயற்கை' என்று தலைப்பு எழுதிப் பரிசும் வாங்கினேன். அந்தத் தேயிலையே சோலைக்காட்டை அழித்து நட்டது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. பிறந்தது முதல் கண்ணில் படுவதையே மலை என்று நம்பிவிடுகிறோம். இவள் தார்ப்பாயையும் மலை என்று நம்பிவிடுவாளோ என்று பயந்தேன்.

"அது இல்லாம வரைஞ்சா நல்லாருக்காதா?"

"எடுத்துட்டா மண்ணு வந்துரும்ல," என்றாள், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே.

மழை பிடித்ததும் அவளை மலைக்குக் கீழே போடியில் என் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். பள்ளிக்கூடத்தையும் அங்கேயே மாற்றிவிடச் சொல்கிறாள் தங்கை. கணவர் சம்மதித்துவிட்டார். பிரிய எனக்கு மனமில்லை. கூட வைத்துக்கொள்ளத் தைரியமும் இல்லை.

நேற்று மகள் போனில் பேசினாள். "சித்தி வீட்டு மொட்டமாடில நின்னா நம்ம மலை தெரியுதும்மா. வெட்டுன எடமே தெரியல. நான் வந்துரட்டுமா?"

"வேண்டாம்மா. அங்கயே படி."



"அப்ப அப்பாகிட்ட என் கலர் டப்பாவக் குடுத்து விடும்மா," என்றாள்.