ஊருக்குக் கேட்காத வயர்லெஸ் வாங்கினேன்

மாதாவின் பிள்ளைகளே, செத்துப் பிழைத்தவன் நானல்ல, என் மச்சான் சேவியர். கத்தியவன் மட்டும் நான்.

வில்லியனூர்ப் பக்கம் நெல் வயலில் வளர்ந்த நான், பாகூர்க் கடலோரக் குப்பத்தில் பெண் எடுத்தேன். இருபது வருடமாக என் மனைவியின் தம்பி சேவியரோடு சின்ன ஃபைபர் படகில் தொழில். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே செல்போன் வேலை செய்யாது. போன வருடம் வயர்லெஸ் வாங்கப் போனோம்.

கடைக்கார பாய் படகிலேயே பொருத்தும் பெரிய செட்டைக் காட்டினார். உயரமாக ஆண்டெனா கட்டினால் வெகுதூரம் கேட்குமாம். நான் கைக்கு அடக்கமான சின்ன செட்டை எடுத்தேன். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் பவர் குறையும். பக்கத்துப் படகுக்கு மட்டும்தான் கேட்கும்.

"கடல்ல போயி ரகசியம் பேசவா மிஷின் வாங்கறீங்க?" என்றார் பாய்.

ஆமாம், அதற்குத்தான். மீன் கிடக்கும் இடம், எங்களோடு பங்கு போட்டுத் தொழில் செய்யும் பங்காளிப் படகுக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஊருக்கு எதற்கு?

"வேணாம் மாமா, பெருசே எடு" என்றான் சேவியர். நான் கேட்கவில்லை.

ஆவணி மாதம், மாதா கோயில் கொடியேற்றத்துக்கு மூன்று நாள் முன்பு. பங்காளிப் படகு எஞ்சின் பழுதாகிக் கரையில் கிடந்தது. எங்கள் குப்பத்து வேறொரு படகுக்காரன் ஏழுமலை கரையில் விசாரித்தான்.

"இன்னா சூசை, வடக்க மீன் இருக்குதா?"

"ஒரு மண்ணும் இல்லபா. தெக்கால போ."

அவன் தெற்கே போனான். நாங்கள் வடக்கே போனோம். வலை நிறைய மீன். பத்து மணி இருக்கும், வலைக் கயிறு எஞ்சின் விசிறியில் மாட்டியது. இழுத்த வேகத்தில் கயிறு சேவியரின் இடது காலைச் சுற்றியது. அறுத்து எடுத்தபோது கணுக்காலில் எலும்பு தெரிந்தது. எஞ்சின் செத்துவிட்டது. என் லுங்கியைக் கிழித்துக் கட்டினேன். அதுவும் நனைந்தது.

வயர்லெஸ்ஸில் கத்தினேன். பதில் இல்லை. தட்டினேன், உதறினேன், தலைகீழாகப் பிடித்துக்கூடக் கத்தினேன். பதில் இல்லை. அரை டிராயரோடு முழங்காலில் விழுந்தேன். "தாயே, மொட்டை போடுறேன்" என்று வேண்டினேன். என் தலை பத்து வருடமாக வழுக்கை. அந்த நேரத்திலும் மாதாவிடம் இல்லாத முடியைத்தான் காட்டினேன்.

"மாமா, குளுருது" என்றான் சேவியர். நல்ல வெயில். உதடு வெளுத்திருந்தது.

அப்போதுதான் நிஜமாக ஜெபித்தேன். "அம்மா, நான் பொய்யன். எனக்கு ஒண்ணும் தர வேணாம். இவனை உட்டுடாத." அவ்வளவுதான். செட்டை நிமிர்த்திப் பிடித்தேன். செட்டின் திரை தெளிவாகத் தெரிந்தது. மூலையில், பவர் குறைவு என்று காட்டும் எழுத்து. இவ்வளவு நேரம் கடலுக்கு ரகசியம் சொல்லிக்கொண்டிருந்தேன்! பொத்தானை அழுத்தி, ஒளிக்காமல் இடத்தைச் சொன்னேன்.

"யாரு, சூசையா? ஏழுமலை பேசறேன். அங்கியே இரு, வரேன்."

வேறு எங்கே போவேன்?

வந்தான். எங்கள் மீனைப் பார்த்தான். "மீனே இல்லன்னியேடா, பாவி! அத்த அப்பால பேசிக்கலாம். தோளைப் புடி, தூக்கு."

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்றார் மருத்துவர். பாதத்தைக் காப்பாற்ற முடியவில்லை. எடுத்துவிட்டார்கள். அது என்னால் போனது. உயிர் மாதாவால் நின்றது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் என் சாட்சி முழுமை.

இப்போது பெரிய செட் இருக்கிறது. மீன் கிடக்கும் இடத்தை ஊருக்கே சொல்கிறேன். ஏழுமலை இன்னமும் இரண்டு முறை கேட்டுத்தான் நம்புகிறான். நீங்களும் மாதாவிடம் போங்கள். அழகாக ஜெபிக்கத் தெரியாவிட்டால் பரவாயில்லை, உள்ளதைச் சொல்லுங்கள். எனக்கே இரங்கியவள் உங்களைக் கைவிடமாட்டாள்.

போன ஞாயிறு சேவியர் கோலூன்றிப் பூசைக்கு வந்தான். நற்கருணை வாங்கும் வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்றேன். ஒவ்வோர் அடிக்கும் நின்று நின்றுதான் நகர்ந்தான். பின்னால் இருந்தவர்கள் என்னைத் தள்ளினார்கள். நான் அசையவில்லை. அவன் எவ்வளவு மெதுவாகப் போனாலும் எனக்கு அவசரமில்லை.