உடைவதற்கு முந்தைய பத்து விநாடி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். நடந்தது எனக்குத்தான். அதுவும் பட்டப்பகலில்.

எங்கள் சோதனைக்கூடத்தில் இரும்புக் கம்பிகளை இழுத்து உடைத்துப் பார்ப்போம். கம்பி எவ்வளவு பாரம் தாங்குகிறது என்பதை மெஷினின் தலையில் இருக்கும் லோடு செல் கணினிக்கு அனுப்பும். கணினி என் பொறுப்பு. மெஷின், கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவரின் பொறுப்பு. அவருக்கு 'மூணு தட்டு' என்று பட்டப்பெயர். சோதனை தொடங்குமுன் ஸ்பானரால் மெஷினை மூன்று முறை தட்டுவார். டொக் டொக்... டொக். கடைசித் தட்டுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் இடைவெளி. திரையில் மூன்று சின்ன முட்கள் எழும்.

"உசுரு இருக்கான்னு பாத்துக்கணும்ல தம்பி" என்பார்.

கம்பி உடைந்ததும், அதற்கு முந்தைய பத்து விநாடியையும் சேர்த்துப் பதிய மென்பொருளில் ஒரு பஃபர் உண்டு. அதனால் கணினி அடிக்கடி திணறும். ஒருநாள் எரிச்சலில் அந்தப் பத்தைப் பூஜ்யமாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுவாரம் மதியம் 2:17க்குக் கம்பி உடைந்து தெறித்தது. அண்ணன் பிழைக்கவில்லை.

விசாரணைக்கு வந்தவர்கள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்கள். மெஷினை நிறுத்தும் சிவப்புப் பட்டனை அவர் அழுத்தினாரா? அழுத்தியிருந்தால் அதுவும் கணினியில் பதிவாகியிருக்கும், ஆனால் பதிவில் உடைந்த பிறகு நடந்தது மட்டுமே இருந்தது. "சாஃப்ட்வேர் கோளாறு" என்றேன். மனமறிந்து சொன்ன பொய். 'ஊழியரின் கவனக்குறைவு' என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

அவர் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தை வாங்கிப் போக வந்தார்.

"வீட்ல கேஸ மூடியாச்சான்னு நாலு தடவ பாக்குற மனுஷன் தம்பி. பட்டன அழுத்தாம நின்னாராமா?"

பாத்திரத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை மறு ஆய்வு என்று தகவல் வந்தது. சனிக்கிழமை ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். உங்களிடம் மறைப்பானேன்? பூஜ்யத்தைச் சத்தமில்லாமல் பத்தாக்கி வைக்கத்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

மணி 2:11. 10 என்று அடித்துச் சேமித்தேன். திரையில் அந்த எண்ணுக்கான பெட்டியில் 0.

மறுபடி அடித்தேன். 0.

மறுபடியும் அடித்தேன்... 0.

2:16. எழுந்து போய்விடலாம் என்று நாற்காலியை நகர்த்தினேன்.

திரையில் படுத்துக் கிடந்த கோட்டில் ஒரு முள். இன்னொன்று...

கொஞ்சம் இடைவெளி.

மூன்றாவது.

சத்தமே இல்லை. மெஷினுக்குக் கரண்டே இல்லை.

பாரக் கோடு ஏறியது. பட்டனின் கோடும் எழுந்தது. யாரோ அழுத்துகிறார்கள்... மறுபடி... மறுபடி... மறுபடி.

நான்கு முறை.

2:17.

கோடு செங்குத்தாக விழுந்தது.

'பதிவு சேமிக்கப்பட்டது.'

கோப்பைத் திறந்தேன். உடைவதற்கு முந்தைய பத்து விநாடியும் முழுசாக இருந்தது. பெட்டியில் அப்போதும் 0.

"அண்ணே... மன்னிச்சிருங்க" என்றேன். அழுதேன்.

திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னேன். "பஃபர பூஜ்யமா வச்சது நான்தான். அவர் பட்டன அழுத்தியிருக்காரு. பட்டன பிரிச்சுப் பாருங்க."

பார்த்தார்கள். பட்டனுக்குப் பின்னால், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ரிலே உருகி ஒட்டிப் போயிருந்தது. எத்தனை முறை அழுத்தியிருந்தாலும் மெஷின் நின்றிருக்காது. அறிக்கையில் அண்ணன் மீதிருந்த பழியை அடித்துவிட்டு, பதிவை மறைத்தவன் என்று என்னை எழுதினார்கள். எழுதட்டும்.

அண்ணன் மனைவியிடம் நானே போய்ச் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றார். அவ்வளவுதான். கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் கருவிகளைச் சரிபார்க்கும் நண்பரிடம் அந்தக் கோப்பைக் காட்டினேன். தேதியைப் பார்த்தவர் முகம் மாறியது.

"சனிக்கிழமையா? லோடு செல்லை நான் வெள்ளிக்கிழமையே கழட்டிட்டேனே."

தன் அலமாரியைத் திறந்தார். பெட்டிக்குள், பஞ்சு சுற்றி, பூட்டி வைத்தபடியே இருந்தது.

அப்படியானால் அன்று மதியம் எனக்குள் எதில் இன்னும் உயிர் இருக்கிறதா என்று அண்ணன் தட்டிப் பார்த்தார்?