ஆறாவது வாய்

பத்தாங் பெர்ஜுந்தாய் சோதனைச் சாவடியில் பஸ் நிற்கிறது. அவசரகாலச் சட்டமாம், காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுப் போராளிகளுக்குப் போய்விடும் என்று சோற்றுப் பொட்டலத்தைக்கூட விடுவதில்லை. வெளியூர்க்காரனான எனக்கு அது தெரியாது. என் புளிச்சோறு போலீஸ்காரர் கைக்குப் போய்விட்டது.

பசியோடு எதிரே இருக்கும் சீனக் காப்பிக்கடைக்குள் நுழைந்து ஒரு காப்பி வாங்கிக்கொள்கிறேன். சுவரில் தொங்கும் பங்கீட்டுத் தாளில் சின்னச் சதுரமாக ஒரு சீன எழுத்து. என்னவென்று கேட்கிறேன்.

"வாய்," என்று கடைக்கார அம்மா தன் உதட்டைத் தொட்டுக் காட்டுகிறார். ரப்பர் தோட்டத்தில் நம்மவர்களோடு பால்மரம் வெட்டியவராம், தமிழ் சரளமாக வருகிறது. "வீட்டுல எத்தனை பேருன்னு கேட்டா, நாங்க வாயைச் சொல்லித்தான் எண்ணுவோம். எங்க வீட்டுல அஞ்சு வாய். அரிசியும் அஞ்சு வாய்க்குத்தான் குடுப்பாங்க."

சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு கிண்ணம் கஞ்சியோடு வருகிறார்.

"வேணாம்மா, அது உங்க பங்கு."

அவர் என் காப்பியில் விரலைத் தோய்த்து, மேசைமேல் ஒரு சதுரம் போடுகிறார்.

"இன்னைக்கு ஆறு வாய் லா. சாப்பிடு தம்பி."

கிண்ணம் காலியாகிறது. மேசை துடைக்க வரும் அவர் கணவர், அந்தச் சதுரத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றித் துடைக்கிறார்.