மரைக்கேயின் இரண்டாவது எண்ணூறு

பிரேமன் நகர நீச்சல் சங்கத்தில் இம்கே பார்த்து வளர்ந்தது மரைக்கேயின் பாதங்களைத்தான். ஒரே தடத்தில் பயிற்சி. முன்னால் மரைக்கே, பின்னால் இம்கே. சிறுமிகளாகத் தொடங்கிய அந்த வரிசை இருபது வயது தாண்டியும் மாறவில்லை. படிப்பு, காதல், சண்டை எல்லாம் வந்து போயின. அந்தப் பாதங்கள் மட்டும் விடியற்காலையில் தவறாமல் தண்ணீரை உதைத்தன. பகலில் ரொட்டிக் கடையில் நிற்கும் பாதங்கள் அவை. பத்திரிகையில் மரைக்கேயின் பெயரைத் தேடினால் கண்தான் வலிக்கும்.

தேசியப் போட்டி பெர்லினில் நடந்தது. எண்ணூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் முதல் இருவருக்கு ஐரோப்பியப் போட்டிக்கான அணியில் இடம். மரைக்கேயின் தோள் தேய்ந்துவிட்டது, இந்த வருடத்தோடு நிறுத்து என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆக, இதுதான் கடைசி வாய்ப்பு.

குளத்தின் இரண்டு நீளம் பாக்கி இருக்கும்போது ஒவ்வொரு தடத்துக்கும் ஒருவர் மணி அடிப்பார். அந்த மணியை நம்பித்தான் நீந்துகிறவள் மிச்ச உயிரையெல்லாம் செலவழிப்பாள். மரைக்கேயின் தடத்தில் இருந்த விட்காப் என்ற பெரியவர், காலமெல்லாம் சம்பளமில்லாமல் மணி அடித்தவர், அன்று இரண்டு நீளம் முன்னதாகவே அடித்துவிட்டார். மரைக்கே பறந்து வந்து சுவரைத் தொட்டுத் தொப்பியைக் கழற்றினாள். விட்காப் வெளிறிப்போய், இன்னும் இரண்டு நீளம் என்று இரண்டு விரலைக் காட்டினார்.

அவள் திரும்பி நீந்தி முடித்தபோது மூன்றாவது. இரண்டாவது இடம் இம்கேக்குப் போயிருந்தது.

பிழை அதிகாரிகளுடையது என்பதால், விரும்பினால் மாலையில் தனியாக நீந்தலாம், இம்கேயின் நேரத்தை முந்தினால் இடம் உனக்கு என்றார் நடுவர். மணிக்கு வேறு ஆள் வேண்டும் என்று பயிற்சியாளர் குதித்தார். மரைக்கே ஒத்துக்கொள்ளவில்லை.

"அவரே அடிக்கட்டும். இன்னிக்கு அவரவிட கவனமா எண்ணப்போறது யாரு?"

மாலையில் எட்டுத் தடக் குளத்தில் அவள் ஒருத்தி மட்டும். அவள் சொதப்பவேண்டும் என்று கரையோரப் பெஞ்சில் இருந்த இம்கே மனதார வேண்டிக்கொண்டாள், பொய் சொல்வானேன். பாதி தூரத்தில் மரைக்கேயின் வலது தோள் தொய்ந்தது. இம்கேயின் கால்கள் தாமாக எழுந்தன. பயிற்சியில் ஒருத்தி சோர்ந்தால் மற்றவள் கரையோரம் கூடவே நடந்து வேகம் கொடுப்பது அவர்கள் வழக்கம். போட்டியிலோ அப்படி நாலு எட்டு நடந்தாலே அந்த நீச்சல் செல்லாது. பழக்கதோஷம் என்றால் யாரும் நம்புவார்கள். இம்கேயின் இடமும் கையைவிட்டுப் போகாது.

இம்கே உட்கார்ந்து பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீரில் துணைக்கு யாருமில்லை, துரத்தவும் யாருமில்லை. ஆனாலும் தொய்ந்த தோள் மெல்ல நிமிர்ந்தது. காலையில் ஒருமுறை வற்றிப்போன உடம்பில் இத்தனை பலம் எங்கே ஒளிந்திருந்தது? இம்கேக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேண்டுதல் எப்போதோ மறந்துபோயிருந்தது. விட்காப் இந்த முறை சரியான இடத்தில் மணி அடித்தார்.

சுவரைத் தொட்டதும் மரைக்கே கடிகாரத்தைப் பார்க்கவில்லை. விட்காப்பைப் பார்த்து, முடிந்ததா என்று புருவத்தை உயர்த்தினாள். அவர் அழுதபடியே தலையாட்டினார். இம்கேயின் நேரத்தை ஒரு நக அளவு முந்தியிருந்தாள்.

இம்கே குளத்தங்கரையில் மண்டியிட்டுக் கை நீட்டினாள்.

"இத்தன வருஷமா உன் பாதத்தைத்தான்டி பாத்தேன். நீ நீந்தி இன்னிக்குத்தான் பாக்குறேன்."