பனியில் கிடந்தவர் வேறொருவர்

விழுப்புரம் கடைத்தெருவில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தபோது திண்டிவனத்திலிருந்து போன் வந்தது. பேசியது அண்ணியின் பக்கத்து வீட்டுப் பெண். "அண்ணே, அக்கா எழுந்திருக்கவே இல்லீங்க. ஒடம்பு ஜில்லுன்னு கீது. ஜல்தி வாங்க." எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

பூங்காவனம் அண்ணியை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் என் அண்ணன் தனசேகரின் மனைவி. அண்ணன் ராணுவத்தில் இருந்தார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வடக்கே பனிமலையில் காவலுக்கு நின்றவர்களைப் பனிச்சரிவு மூடிவிட்டது. மற்றவர்களைத் தோண்டி எடுத்தார்கள். அண்ணனைக் கண்டுபிடிக்க முடியவில்லை. இறந்துவிட்டார் என்று ராணுவம் அறிவித்தது. சொந்த ஊரான கெடாரில் எங்கள் வீட்டில் கருமாதிக்கு நாள் குறிக்கப் பெரியவர்கள் உட்கார்ந்தபோது அண்ணி நடுவில் வந்து நின்றார்.

"ஒடம்பக் காட்டுங்க. தாலியக் கயட்டறேன்."

இருபது வயதில் பேசிய பேச்சு அது. பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள்.

பிறகு திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலைக்குப் போனார். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்துக்கொண்டுதான் போவார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்யாண வீடுகளில் குங்குமத்தை நீட்டுவதா வேண்டாமா என்று பெண்கள் தயங்குவார்கள். அண்ணி தானே கையை நீட்டி எடுத்துக்கொள்வார். அந்த அடாவடி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பனிமலைகள் உருகுகின்றன என்று டிவியில் சொல்ல ஆரம்பித்த பிறகு அவருக்கு வெயில் மேல் ஓர் ஆசை வந்துவிட்டது. ஒரு கத்திரி வெயிலில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் நின்றுகொண்டிருந்தோம். "என்னா வெயிலு அண்ணி, ஆளக் கொல்லுது" என்றேன்.

"காயட்டும் தம்பி. இன்னும் காயட்டும். அங்க உருகணும் இல்ல?"

அதற்குமேல் அவரிடம் நான் வெயிலைப் பற்றிப் பேசியதில்லை.

போன வருஷம் உருகியது. அண்ணன் காணாமல் போன அதே மலைப்பக்கம், பனிக்குள்ளிருந்து ஒரு மனித உடல் தெரிவதாகச் செய்தி வந்தது. ராணுவ வீரராக இருக்கலாம் என்றார்கள். நான் ரயில்வேயில் வேலை பார்த்தவன், கொஞ்சம் இந்தி பேசுவேன். ராணுவ அலுவலகத்துக்குப் போன் போட்டேன். பரிசோதனை முடியும்வரை காத்திருங்கள் என்றார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர் அன்று காத்திருக்கவில்லை. டிவியில் மங்கலாக ஒரு படம் காட்டினார்கள். அந்த உடல் ஒருக்களித்து, கன்னத்துக்கடியில் கையை மடித்து வைத்தபடி கிடந்தது. அண்ணி டிவிக்குக் கிட்டே போய் நின்றார்.

"அவருதான். இப்டித்தான் படுப்பாரு."

"ரிசல்ட் வரட்டும் அண்ணி."

"எதுக்கு? எம்புருசன நா பாத்துக்கினு கீறேன். எவனோ வந்து எனக்குச் சொல்லணுமா?"

கெடார் ஏரிக்கரையில் பெண்கள் சுற்றிலும் புடவையைப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அண்ணியின் தாலியைக் கழற்றிப் பாலில் போட்டார்கள். அத்தனை வருஷம் அழாத அழுகையை அன்று அழுதார். கரையில் நின்ற ஆண்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கருமாதியும் முடிந்தது.

அதன் பிறகுதான் அந்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. அது அண்ணன் இல்லையாம். ராணுவத்தைச் சேர்ந்தவரே இல்லையாம். தோலை உடுத்திக்கொண்டு மலையைக் கடக்கப் போய்ப் பனியில் மாட்டிக்கொண்ட ஆதிகாலத்து மனிதராம். செத்து ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும், ஆராய்ச்சிக்கு எடுத்துப்போகிறார்கள் என்றார் அதிகாரி. அவர் குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

அண்ணியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். மல்லாட்டை உரித்து வேர்க்கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். கேட்ட பிறகும் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அப்ப நா யாருக்குத் தாலி அறுத்தேன், தம்பி?"

இன்னொரு காயை உடைத்து முறத்தில் போட்டார்.

"அந்தாளு பொண்டாட்டியும் வழியப் பாத்துக்கினேதான செத்திருப்பா. அந்தப் பனி இத்தினி ஆயிரம் வருசம் வச்சிருந்து இப்பத்தான் குடுத்துக்கீது. எனக்கு மட்டும் ஜல்தியா குடுத்துடுமா?"

மறுபடி தாலியைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். "கட்ட வேண்டியவரு வரட்டும்" என்றார். பொட்டும் வைக்கவில்லை. அப்படியானால் அண்ணன் இல்லை என்று முடிவு செய்துவிட்டீர்களா என்று கேட்டால், "ஒருவாட்டி முடிவு பண்ணேன், தப்பாப் போச்சு. இனிமே நா பண்ணமாட்டேன்" என்பார். சோறு குறைந்தது. பேச்சும் குறைந்தது. அவரை நோய் கொன்றதாக டாக்டர் சொல்கிறார். நான் நம்பவில்லை.

அண்ணியைக் கெடாருக்குக் கொண்டுவந்தோம். குளிப்பாட்டி முடித்ததும் உள்ளே பெண்களுக்குள் வாக்குவாதம். சுமங்கலி என்றால் மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைத்து அனுப்ப வேண்டும். தாலி அறுத்தவர் என்றால் எதுவும் இல்லை. ஆனால் இவர் அறுத்தது வேறு யாருக்கோ. எங்கள் சித்தி குங்குமச் சிமிழோடு வெளியே வந்தார். ஊர் முன்னால் என்னைக் கேட்டார்.

"கூடப் பொறந்தவன் நீதான். நீ சொல்லு. உங்கண்ணன் கீறானா, இல்லியா?"

அண்ணன் செத்துவிட்டார் என்று இத்தனை வருஷமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தவன்தான் நான். அந்த நேரத்தில் வாய் வரவில்லை. இருக்கிறார் என்று சொல்லவும் வரவில்லை. சித்தி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு உள்ளே போனார்.

அண்ணியைத் தூக்கி வந்தார்கள். தலையில் பூ இருந்தது. நெற்றியில் ஒன்றும் இல்லை.

அண்ணி, மனைவியாகப் போகிறீர்களா, கைம்பெண்ணாகப் போகிறீர்களா என்று சொல்ல உங்கள் கொழுந்தனுக்கு வாய் வரவில்லை. இரண்டும் இல்லாமல்தான் உங்கள் மேல் மண்ணைத் தள்ளினேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.